சில்லறையாரின் கழுவாத காசுகள்

காசு கொடுத்து அழுக்கை வாங்கி, வாங்கிய அழுக்கு போய்விடாமல் பெட்டியில் பூட்டி, அதற்குக் காவலும் இருந்த ஒரே தமிழர் இந்தப் பூமியில் எங்கள் சில்லறையார்தான். வேறு யாராவது உண்டென்றால் எனக்கு எழுதுங்கள். நான் நம்பமாட்டேன்.

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், அவர் வீட்டு மாடியறையில் ஆறு வருடம் வாடகைக்கு இருந்தேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் திருச்சிக்காரன். கம்ப்யூட்டரில் மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிப்பது என் உத்தியோகம். அவருக்குப் பஸ் ஓட்டுவது. லண்டன் பஸ்ஸில் காசு வாங்குவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. ஏறுகிறவர் கார்டைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ஆக, நாள் முழுக்கக் காசைக் கண்ணால்கூடப் பார்க்காத தொழிலில் இருந்துகொண்டு, காசைத் தவிர வேறெதையும் பேசாத மனிதர் அவர். அதுவும் கடையில் செல்லுகிற காசு இல்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கிரேக்க நாட்டு வெண்கலக் காசு. அதனால்தான் பக்கத்தில், தமிழர் நிறைந்த டூட்டிங் முழுக்க அவருக்குச் சில்லறையார் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு என்பது என் சந்தேகம்.

அறை கேட்டுப் போன அன்றைக்கு என் சம்பளம், சொந்த ஊர், சைவமா அசைவமா எதையும் அவர் விசாரிக்கவில்லை. என் இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, உமக்குக் கை வேர்க்குமோ?"

"ஆமா, கொஞ்சம் வேர்க்கும்ணே."

"அப்ப மேலறைதான். கீழறையில பெட்டி இருக்கு."

கீழறை பெரியது, தோட்டத்தைப் பார்த்தது, வாடகையும் அதேதான். கை வியர்த்த குற்றத்துக்காக ஆறு வருடம் பஸ் டெப்போவின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான காசு, ஒவ்வொன்றும் ஒரு காகித உறைக்குள். மண்ணுக்குள் அத்தனை காலம் கிடந்த வெண்கலத்தின் மேல் பச்சையாக ஒன்று படிந்திருக்கும். நாமெல்லாம் களிம்பு என்போம். அவர் தோல் என்பார். தோல் இருக்கும்வரைதான் காசுக்கு மரியாதை, தோலை உரித்தால் அது வெறும் தகரம், திரும்ப வரவேண்டுமென்றால் இன்னொரு இரண்டாயிரம் வருடம் காத்திருக்க வேண்டும் என்று எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவம் என்று சைவ சமயப் பாடத்தில் படித்துப் பாஸ் பண்ணியவர், இங்கே வந்து களிம்புக்கு வெல்வெட் விரித்து வைத்திருந்தார். கோயிலில் ஒரு பெரியவர் இதைச் சுட்டிக்காட்டியபோது, அந்தப் பாடம் எழுதின ஆக்கள் காசு சேர்த்திருக்க மாட்டினம் என்று பதில் சொல்லிவிட்டு வந்தாராம்.

காசுகளில் இருந்த தெய்வங்களைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால், எல்லாரும் டூட்டிங்கில் நாலு தெரு தள்ளிக் குடியிருப்பதாகத் தோன்றும். தேவர்களுக்கெல்லாம் ராஜாவான ஸீயஸ், கழுகோடு இருக்கிற பெரிய காசு. "பெரிய இடத்து மனுசன், ஆனா வீட்டில நிக்கிறது குறைவு" என்று அறிமுகப்படுத்துவார். சிங்கத்தோலைத் தலையில் போட்டிருக்கும் ஹெராக்கிளிஸ் நல்ல உழைப்பாளி, ஆனால் கோபம் கண்ணை மறைத்துவிடும், அதனால் எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. இறக்கை வைத்த குதிரை போட்ட கொரிந்து நகரத்துக் காசைக் காட்டும்போது மட்டும் குரல் இறங்கும். அந்தக் குதிரை பிறந்த விதம் வீட்டில் பெண்கள் இருக்கும்போது சொல்லக்கூடாதாம். வீட்டில் பெண் என்று இருந்தது அவர் மனைவி ராசி அக்கா மட்டும்தான். அக்காவோ அவர் வாயைத் திறந்தாலே எழுந்து குசினிக்கு, அதாவது அடுக்களைக்கு, போய்விடுவார்.

இதையெல்லாம் பார்க்கிற எந்தத் தமிழருக்கும் வாயில் வருகிற முதல் வாக்கியம் ஒன்று உண்டு. ஈட்டியும் தலைக்கவசமுமாக அதீனா என்கிற தேவி இருப்பாள். பார்த்ததும், இது நம்ம துர்க்கை அல்லவா என்பார்கள். நானும் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம்.

"அவ அவதான், இவ இவதான். ரெண்டு பேரும் வேல் பிடிச்சால் ஒரே ஆளோ? நீரும் நானும் கண்ணாடி போட்டிருக்கிறம், நானோ நீர்?"

உலகத்துச் சாமியெல்லாம் தமிழ்ச்சாமிதான் என்று நிரூபிக்க ஒரு கூட்டமே அலைகிற காலத்தில், கிரேக்கச் சாமிகளின் தனிப்பட்ட வாழ்க்கையைக் காப்பாற்றுவதற்கென்று நம்மில் ஒருவர் இருந்தார். இதனால் அவருக்கு நண்பர்கள் குறைவு. ஒரு கலியாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் காசைக் காட்டியிருக்கிறார். அந்த அப்பாவி அதை வேட்டித் தலைப்பில் ஒரு தேய் தேய்த்துவிட்டு முகம் தெரிகிறதா என்று பார்த்திருக்கிறார். சில்லறையார் காசைப் பிடுங்கிக்கொண்டு, பந்தியில் உட்காராமல், மணமக்களையும் பார்க்காமல் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். நாலு மைல்.

வீட்டுக்குள் மட்டும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ராசி அக்காவுக்கு முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பார். அவர் கைக்குப் போன பித்தளை மினுங்காமல் திரும்பியதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் சாமித்தட்டில் இருக்கிற குத்துவிளக்கு, தூபக்கால், மணி, செம்பு எல்லாம் இறங்கும். பழப்புளியும் உப்பும் போட்டு, பழைய பல் பிரஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, எல்லாம் புதிதாய்ப் பிறந்து மேலே போகும். அவர் பார்வையில் புருஷனின் பெட்டி ஊத்தைக் காசுப் பெட்டி. அதை அவர் தொடுவதில்லை. சாமித்தட்டை அவர் கணவர் தொடுவதில்லை. இப்படி இரண்டு ராச்சியமும் எல்லை தாண்டாமல் இருபது வருடம் நடந்திருக்கிறது.

இனி, சங்கத்துக்கு வருகிறேன். பக்கத்து ஊர் நூலகத்தின் மேல்மாடியில் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு நாணயச் சங்கம் கூடும். பதினைந்து பேர், எல்லாரும் ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர்கள், எல்லாரும் வெள்ளிக்காசுக்காரர்கள். வெண்கலம் என்றால் அவர்களுக்குக் கொஞ்சம் இளக்காரம். கூட்டத்துக்கு ஒருவர் ஒரே ஒரு காசைக் கொண்டுவந்து கால் மணி நேரம் பேசுவது அங்கே வழக்கம். சில்லறையார் எட்டு வருடம் ஷிப்டை மாற்றி மாற்றிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஒருதரமும் அவரைக் கூப்பிடவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கூட்டம் முடிந்ததும் அறையைப் பூட்ட வந்த நூலக ஊழியர் என்று நினைத்திருக்கிறார்கள். இவரும் மறுக்காமல் நாலு வருடமாக அறையைப் பூட்டிச் சாவியைக் கீழே கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பேசவேண்டியவருக்கு இடுப்பு ஆபரேஷன். ஆள் இல்லை. இவர் எழுந்து, தன்னிடம் ஒரு காசு இருக்கிறது என்றார். பூட்டுகிறவரிடம் காசா என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம். அடுத்த மாதம் அவர் பேசுவதென்று முடிவாயிற்று.

அந்த ஒரு மாதம் என் வாழ்க்கையில் மறக்க முடியாதது. எந்தக் காசு என்பதில் அவருக்குத் தயக்கமே இல்லை. கருங்கடல் கரையில் அமிசோஸ் என்ற பட்டினத்தில் அடித்த காசு. ஒரு பக்கம் அதீனா. மறுபக்கம் பெர்சியஸ் என்ற வீரன், ஒரு கையில் வாள், மறு கையில் மெடூசாவின் வெட்டிய தலை; அவள் உடம்பு அவன் காலடியில். மெடூசாவுக்குத் தலைமயிர் எல்லாம் பாம்பு, அவளை நேருக்கு நேர் பார்த்தவர்கள் கல்லாய்ப் போவார்கள். இவ்வளவும் ஒரு மோதிர வாய் அளவு வெண்கலத்தில். அதன் தோல் பாசிப்பயறு நிறம், ஒரே சீராக, ஒரு கீறல் இல்லை. அவர் பதினொரு வருடம் தேடிய தோல் அது. ஒத்திகைக்கு ஆள் நான்தான். கால் மணி நேரப் பேச்சு முதல் நாள் ஒன்றே முக்கால் மணி நேரம் போயிற்று. கடைசி வாரத்தில் நாற்பது நிமிஷத்துக்கு இறங்கியது. சட்டை இஸ்திரி ஆயிற்று. ராசி அக்காவையும் கூட்டத்துக்கு வரச் சொன்னார். அக்கா லீவு போட்டுவிட்டார். இருபது வருடத்தில் அந்தப் பெட்டி சம்பந்தமாக அவர் செய்த முதல் காரியம் அந்த லீவுதான்.

கூட்டத்துக்கு முதல்நாள், வியாழக்கிழமை, சில்லறையார் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார். காசை உறையிலிருந்து எடுத்து, சாமித்தட்டில் பிள்ளையாரின் காலடியில் வைத்துக் கும்பிட்டார். பேச்சு நன்றாக வரவேண்டும் என்று வேண்டியிருப்பார். வைத்தவர் எடுக்க மறந்து, வெள்ளிக்கிழமை விடியும் முன்பே ஷிப்டுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. பத்து மணிக்குத் தேத்தண்ணீர் போடக் கீழே இறங்கினேன். குசினி மேசையில் துவாய் விரித்து, விளக்கு, மணி, செம்பு எல்லாம் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வரிசையின் கடைசியில், புத்தம் புதிய இரண்டு பென்ஸ் காசு மாதிரிப் பளபளவென்று சிவப்பாக ஒன்று கிடந்தது.

அவர் சொன்ன நூறு தடவையும் நான் சரியாகக் கேட்டதில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பார்த்த உடனே மனசுக்குள் வந்த முதல் வார்த்தை ‘தோல்’ என்றபோதுதான், எல்லாமே எனக்குள் போயிருக்கிறது என்று தெரிந்தது.

"தம்பி, பாத்தீங்களோ?" என்றார் ராசி அக்கா. முகமெல்லாம் சிரிப்பு. "அரை மணித்தியாலம் பிடிச்சது. நாலு பேர் பாக்கிற சாமானை ஊத்தையோடயோ கொண்டு போறது? இப்பதான் அந்தப் பெடியன்ர கையில என்ன இருக்கெண்டு வடிவாத் தெரியுது. அது ஒரு பொம்பிளையின்ர தலை."

நான் ஆமாக்கா என்றேன். தேத்தண்ணீர் போடாமலே மாடிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் அவர் வந்த சத்தம் கேட்டு இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று தெரியவில்லை, இந்த மாதிரி இடத்தில் நான் பொதுவாக இருக்கமாட்டேன். சாமித்தட்டுக்குப் போனார். பிள்ளையாரின் காலடியில் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். கையில் எடுத்தார். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு யூனிபார்மோடு நாற்காலியில் உட்கார்ந்தார். காசின் மேல் யாராவது மூச்சு விட்டாலே கத்துகிற மனிதர். நான் ஜன்னலைச் சாத்தலாமா என்று யோசித்தேன், அக்கம்பக்கத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

ராசி அக்கா மாவுக் கையோடு குசினி வாசலில் வந்து நின்றார். சங்கத்துக்குக் கொண்டுபோக மரக்கறி ரோல்ஸ் செய்துகொண்டிருந்தார்.

"எப்பிடி?" என்றார்.

அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்துவிட்டது.

"நல்லா மினுங்குது" என்றார்.

அக்காவுக்குச் சந்தோஷம். அதோடு நிற்கவில்லை. "ஏன் அந்தப் பிள்ளையின்ர தலையை வெட்டினவன்? அவள் என்ன பிழை செய்தவள்?" என்று கேட்டார். இருபது வருடத்தில் ஒரு காசைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

அவர் சொல்லத் தொடங்கினார். மெடூசா வடிவான பெண் என்றும், கடல்ராசா அவளைக் கோயிலுக்குள் வைத்துக் கெடுத்தான் என்றும், அது அதீனாவின் கோயில் என்றும், தன் கோயிலில் நடந்த தீட்டுக்கு அதீனா அந்தப் பெண்ணின் தலைமயிரைப் பாம்பாக்கித் தண்டித்தாள், பெர்சியஸ் தலையை வெட்டவும் துணைபோனாள் என்றும் சொன்னார். அக்கா அவர் கையிலிருந்து காசை வாங்கிப் புரட்டி மறுபக்கத்துத் தேவியைப் பார்த்து, "இவவோ?" என்றார். ஓம் என்றார் அவர். "கெடுத்தவனுக்கு என்ன தண்டனை?" என்றார் அக்கா. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். அக்கா அதீனாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போனார்.

காரில் ஏறுவதற்கு முன் அவரை ஓரமாக இழுத்து, "அண்ணே, வேற காசு எடுத்துட்டுப் போயிடலாமே" என்றேன்.

"வேறயைக் கொண்டு போனால் அவ ஏனெண்டு கேப்பா. என்ன சொல்லுறது?" என்றார். பிறகு பின் ஸீட்டில் ரோல்ஸ் பெட்டியைச் சாயாமல் வைத்துக்கொண்டார்.

சங்கத்தில் ராசி அக்காவுக்கு முதல் வரிசை. காஞ்சிபுரம் பட்டு, மடியில் ரோல்ஸ். தலைவர் ஓய்வு பெற்ற பல் வைத்தியர். வெல்வெட் தட்டில் வந்த காசைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். அடுத்தவரிடம் தட்டு போயிற்று, அவரும் பார்த்துவிட்டு அதையே செய்தார். பின்னால் யாரோ மெல்ல ஐயோ என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒன்று சொன்னார். கடைசியில் தலைவர், மிகவும் மரியாதையாக, இந்தக் காசைக் கழுவினீர்களா என்று கேட்டார். அந்த அறையில் அந்தக் கேள்விக்கு, உங்கள் தாயைக் கொன்றீர்களா என்பதற்குச் சமமான கனம் இருந்தது.

நான் சில்லறையாரைப் பார்த்தேன். எட்டு வருடம் கடைசி வரிசையில் காத்திருந்தவர். பழி இருக்கிற இடம் முதல் வரிசையில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தது. அக்காவுக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். மனைவி தெரியாமல் செய்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பதினைந்து பேரும் அவருக்காக இரங்கியிருப்பார்கள்.

ஆமாம், நான்தான் கழுவினேன் என்றார் ஆங்கிலத்தில். புளியும் உப்பும் போட்டு, என் கையால். எங்கள் ஊரில் சாமியை வெளியே கொண்டுவருவதென்றால் முதலில் குளிப்பாட்டுவோம், குளிப்பாட்டாமல் யார் முன்னாலும் கொண்டுவருவதில்லை என்றார்.

பல் வைத்தியர் தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். சில்லறையார், ஒரு மாதம் என்னைப் பாடாய்ப் படுத்தித் தயாரித்த பேச்சை மடித்துப் பைக்குள் வைத்தார். இன்றைக்கு மத்தியானம் என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள், பதினொரு வருடம் தேடி இந்தக் காசை வாங்கிய எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை என்று தொடங்கி, மெடூசாவின் பக்கம் நின்று பேசினார். சரியாகப் பதினான்கு நிமிஷம். நன்றாகப் பேசினார். நான் அவரைக் கேட்ட ஆறு வருடத்தில் அதுதான் சிறந்தது. கைதட்டல் மரியாதைக்கு இருந்தது. ரோல்ஸ் முழுக்கத் தீர்ந்தது. அவரை மறுபடி பேசக் கூப்பிடவில்லை. புளி போட்டுக் கழுவினவர் என்று அங்கே ஒரு பேர் நிலைத்துவிட்டது. அறையைப் பூட்டும் வேலை மட்டும் தொடர்ந்தது.

திரும்பும் வழியில் ராசி அக்கா காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் ஓட்டினேன். எல்லாம் விளங்கிவிட்டது போலிருக்கிறது என்று எனக்கு ஸ்டீயரிங் பிடித்த கையெல்லாம் வியர்த்தது. வீட்டு வாசலில் இறங்கினதும் அக்கா புருஷனைப் பார்த்து, "அரை மணித்தியாலம் நிண்டு தேய்ச்சது நான். அத்தனை பேருக்கு முன்னால நீங்கள் கழுவினதெண்டு சொல்லிப் பேரை எடுத்திட்டியள்" என்றார்.

"பிழைதான்" என்றார் சில்லறையார்.

"சரி விடுங்கோ. மற்றதையும் தாங்கோவன், நான் விளக்கித் தாறன்."

எனக்கு அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எல்லாத்தையும் ஒரேயடியாக ஏலாது, கிழமைக்கு ஒன்று தாறன் என்று அவர் சொன்னது மட்டும் கேட்டது.

நான் இப்போது லண்டனின் மறுகோடியில், அப்டன் பார்க்கில் இருக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய காசு விற்கிறவனிடம் ஒரு பரிச்சயமான முதுகு குனிந்து நிற்பதைப் பார்த்தேன். நல்ல காசுத் தட்டுகளையெல்லாம் தள்ளிவிட்டு, தலையும் வாலும் தெரியாத, யாரும் தொடாத குப்பைக் காசுகளைக் கிளறிக்கொண்டிருந்தார். இருப்பதிலேயே அழுக்கானது எது என்று கேட்டார். கடைக்காரனுக்கு ஆச்சரியம், எதற்கு என்றான். என் மனைவி சேர்க்கிறாள் என்றார் சில்லறையார். ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஒன்றாக, ஒரு வருடத்துக்குப் போதும். நான் போய்ப் பேசவில்லை, பேசினால் அவர் காரணம் சொல்லவேண்டியிருக்கும்.

இதையெல்லாம் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ராசி அக்கா தமிழில் அச்சான எதையும் விடாமல் படிப்பவர். இந்தப் பத்திரிகை டூட்டிங்கில் அவர் மரக்கறி வாங்குகிற கடைக்கு வியாழக்கிழமை காலை வரும், மூன்றே மூன்று பிரதி. அக்கா கடைக்குப் போவது பின்னேரம். இங்கிருந்து டூட்டிங்குக்கு இரண்டு ரயில் மாற வேண்டும். அரை நாள் லீவு சொல்லிவிட்டேன், மூன்றையும் நானே வாங்கிக்கொள்கிறேன்.